ஒரு பந்தியைத் திருத்தப்போய் முழு ஆவணத்தையும் குலைத்துவிடும் தவறுகள்

தவணைப் பரீட்சை வினாத்தாள், பிரதேச செயலகத்துக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதம், மரண உதவிச் சங்கத்தின் கூட்ட அறிக்கை, கோவில் திருவிழா விஞ்ஞாபனம் என்று மலையகத்தில் நாள்தோறும் கணினியில் தட்டச்சாகும் ஆவணங்களில், புதிதாகத் தொடங்கி எழுதப்படுபவை குறைவு. கடந்த ஆண்டுக் கோப்பைத் திறந்து, பெயரையும் திகதியையும் மாற்றி, இடையில் இரண்டு பந்திகளைச் சேர்த்து, ஒன்றை நீக்கி அச்சிடுவதே வழக்கம். ஆகவே ஒருவர் செய்த அமைப்புப் பிழை அந்தக் கோப்போடு சேர்ந்து பல கைகளுக்கும் பல ஆண்டுகளுக்கும் போகிறது. ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் நான் தட்டச்சு செய்த காலத்தில், ஆசிரியர்களும் சங்கச் செயலாளர்களும் பென் டிரைவோடு வந்து சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “ஒரு வரியத்தான் தம்பி நடுவுல போட்டேன், எல்லாமே நடுவுக்குப் போயிருச்சு.”

அவர்களைக் குறைசொல்ல முடியாது. மைக்ரோசொப்ட் வேர்ட் ஓர் அமைப்பை எந்த இடத்தில் வைத்துக்கொள்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் காட்டிக் கொடுத்ததில்லை. எழுத்தின் தடிப்பும் அளவும் அந்தந்த எழுத்தோடு போகின்றன. நடுப்படுத்தல், உள்தள்ளல், வரி இடைவெளி, பந்திக்கு முன்னும் பின்னும் விடப்படும் இடைவெளி ஆகியவை பந்தியைச் சேர்ந்தவை. பக்க ஓரமும், தாளை நெடுக்காகவோ குறுக்காகவோ வைப்பதும் செக்ஷன் எனப்படும் பிரிவைச் சேர்ந்தவை. இவற்றோடு ஸ்டைல் என்ற ஒன்றும் இருக்கிறது. நாம் அதைப் பாணி என்று சொல்லலாம். ஒரே பாணிப் பெயரைத் தாங்கிய பந்திகள் எல்லாம், அவை எந்தப் பக்கத்தில் இருந்தாலும், ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. நாம் தொட்டது பந்தியையா, அதைக் கட்டியிருக்கும் கயிற்றையா என்று தெரியாமல் இழுக்கும்போதுதான் ஆவணம் முழுவதும் அசைகிறது.

ஒரு பந்தியின் அமைப்பு அந்தப் பந்தியின் முடிவில் உள்ள குறிக்குள் அடங்கியிருக்கிறது. பந்திக்குறி எனப்படும் அது, திருப்பிப் போட்ட ஆங்கில ‘பி’ எழுத்தைப் போன்றது. வழக்கமாகத் திரையில் தெரியாது. கொன்ட்ரோல், ஷிப்ட், 8 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் தெரியும். வேர்டுக்குப் பதிலாக லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருளைப் பாவிப்போர் கொன்ட்ரோலுடன் எஃப் 10ஐ அழுத்த வேண்டும். இந்தக் குறிகள் மறைந்திருக்கும்போது ஆவணத்தைத் திருத்துவதே முதல் தவறு என்பேன். ஒரு பந்தியின் முடிவில் நின்றுகொண்டு டிலீட் விசையை ஒரு தடவை கூடுதலாக அழுத்தினால் அந்தக் குறி அழிந்து, இரண்டு பந்திகள் ஒன்றாகி, ஒன்றின் அமைப்பை மற்றது ஏற்றுக்கொள்ளும். தலைப்பின் கீழிருந்த பந்தி முழுவதும் திடீரென்று தலைப்பைப் போல நடுவுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். குறிகள் திரையில் இருந்தால் எது அழிந்தது என்று உடனே தெரியும். கொன்ட்ரோல் இசட் அழுத்தி மீட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் தெரிவுசெய்யும் பழக்கம்

ஒரு பந்தியின் அமைப்பை மாற்ற அந்தப் பந்தியைத் தெரிவுசெய்ய வேண்டிய தேவைகூட இல்லை. அதற்குள் எந்த இடத்திலாவது கர்சரை வைத்தால் போதும். கொன்ட்ரோல் ஈ அந்தப் பந்தியை மாத்திரம் நடுப்படுத்தும், கொன்ட்ரோல் எல் இடப்பக்கம் சேர்க்கும், கொன்ட்ரோல் ஜே இருபுறமும் சீராக்கும். இருந்தும் கொன்ட்ரோல் ஏ அழுத்தி ஆவணம் முழுவதையும் தெரிவுசெய்துவிட்டு வேலையைத் தொடங்குவது பலருக்கும் கைவந்த பழக்கம். அந்தத் தெரிவு இன்னும் நீங்காமல் இருப்பதை மறந்து, ஒரு பந்திக்காக நினைத்த கட்டளையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

எழுத்துருவை மாற்றும்போது இந்தப் பழக்கம் எங்கள் ஆவணங்களில் விளைவிக்கும் சேதம் பெரிது. மும்மொழிக் கடிதமொன்றில் தமிழ்ப் பந்தி பாமினியிலும் சிங்களப் பந்தி எஃப்.எம். அபயவிலும் ஆங்கிலப் பந்தி டைம்ஸ் நியூ ரோமனிலும் இருக்கும். பாமினியும் அபயவும், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி இடம் கொடுக்கும் யுனிகோட் முறையிலான எழுத்துருக்கள் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ், சிங்கள வடிவங்களை வரைந்து வைத்தவை. ஆங்கிலப் பந்தியின் எழுத்துருவை மாற்ற நினைத்து முழு ஆவணத்தையும் தெரிவுசெய்தால், மற்ற இரண்டு மொழிகளும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும். அப்படியே சேமித்து மூடிய பிறகு எது பாமினியாக இருந்தது, எது அபயவாக இருந்தது என்று ஒவ்வொரு பந்தியாகப் பார்த்துத்தான் மீட்க வேண்டும். புதிய கடிதங்களையாவது யுனிகோடில் தட்டச்சு செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்டரும் ஷிப்ட் என்டரும்

என்டர் அழுத்தினால் புதிய பந்தி பிறக்கிறது. ஷிப்டைப் பிடித்துக்கொண்டு என்டர் அழுத்தினால் வரி மட்டும் உடைகிறது, பந்தி தொடர்கிறது. அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், ஆனால் வேர்டுக்கு இவை முற்றிலும் வேறானவை. குறிகளைத் திரையில் கொண்டுவந்தால், வரி உடைந்த இடத்தில் வளைந்த அம்பைக் காணலாம்.

7 பேர்ச் காணிக்கான உறுதியைக் கோரி எழுதப்பட்ட ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். அனுப்புநர் பெயர், லய இலக்கம், தோட்டம், தபால் நிலையம், அடுத்து பெறுநர் முகவரி, அதன் கீழே “காணி உறுதி கோருதல்” என்ற தலைப்பு. தட்டச்சு செய்தவர் இவை எல்லாவற்றையும் ஷிப்ட் என்டரால் பிரித்திருந்தால், வேர்டின் கணக்கில் அது முழுவதும் ஒரே பந்தி. தலைப்பை நடுப்படுத்தினால் இரண்டு முகவரிகளும் அதனோடு நடுவுக்கு வரும். கொமியூனிகேஷன் கடைக்கு வந்த முறைப்பாடுகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். இணையப் பக்கங்களிலிருந்து கொப்பி செய்து ஒட்டிய எழுத்திலும் இப்படிப்பட்ட வரி உடைப்புகள் வந்து சேர்வதுண்டு. தலைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள வளைந்த அம்புகளை நீக்கி என்டர் அழுத்தினால் அது தனிப் பந்தியாகிவிடும். ஆவணம் முழுவதும் அம்புகள் நிறைந்திருந்தால், தேடி மாற்றும் பெட்டியில் ஸ்பெஷல் என்ற பட்டியலைத் திறந்து, தேடும் இடத்தில் மெனுவல் லைன் பிரேக்கையும் மாற்றும் இடத்தில் பரகிராப் மார்க்கையும் கொடுத்து ஒரே தடவையில் மாற்றலாம்.

ஆனால் ஷிப்ட் என்டரை ஒதுக்கிவிடவும் கூடாது. 2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு நினைவுகூரப்பட்டபோது, ஒரு சிறப்பு மலருக்கான கட்டுரைகளை ஒழுங்குபடுத்தும் வேலை எனக்குக் கிடைத்தது. கட்டுரைகளுக்கு இடையில் தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் வந்தன. ஒரு கட்டுரையாளர் பாடலைத் தம் உரைநடைப் பந்திக்குள்ளேயே, ஷிப்ட் என்டரால் வரி பிரித்து எழுதியிருந்தார். பந்தி இருபுறமும் சீராக்கப்பட்டிருந்ததால், மூன்று சொற்களே கொண்ட பாடல் வரிகூட இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுபட்டு, சொற்களுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. இடப்பக்கம் சேர்த்தால் பாடல் சரியாகும், உரைநடையின் சீர் போய்விடும். பாடலுக்கு முன்னும் பின்னும் என்டர் அழுத்தி அதைத் தனிப் பந்தியாக்கி, உள்ளே இருந்த வரி உடைப்புகளை அப்படியே விட்டு, இருபுறமும் உள்தள்ளி, இடப்பக்கம் சேர்த்ததும் இரண்டும் ஒழுங்காயின. பாடலின் ஒரு கண்ணி ஒரு பந்தியாகவும் அதன் வரிகள் ஷிப்ட் என்டரால் பிரிந்தும் இருப்பதே அதற்கு ஏற்ற அமைப்பு. கண்ணியை நகர்த்தினாலும் அதன் வரிகள் சிதறமாட்டா.

ஸ்பேஸ் விசையால் தள்ளுவது

பந்தியின் தொடக்கத்தை உள்ளே தள்ள எட்டுப் பத்துத் தடவை ஸ்பேஸ் விசையை அழுத்துவதும், இரண்டு பந்திகளுக்கிடையே இடம்விட வெற்று என்டர்களை அடுக்குவதும், பார்க்கும் கணத்தில் முழு ஆவணத்தையும் பாதிக்காத பாதுகாப்பான வழியாகத் தோன்றும். அதே கோப்பை வேறொரு கணினியில், வேறு எழுத்துருவோடு திறக்கும்போது வினாத்தாளின் விடைத் தெரிவுகள் ஏணிப்படி போலச் சரிந்து நிற்கும். பரகிராப் பெட்டியில் இன்டென்டேஷன் பகுதியில் சென்டிமீட்டரில் கொடுக்கும் அளவும், ஸ்பேஸிங் பகுதியில் ஆஃப்டர் என்ற இடத்தில் கொடுக்கும் அளவும் அந்தப் பந்தியோடு மட்டும் நிற்கும். வேர்ட் 2013 முதல் பல ஆண்டுகளாகப் புதிய ஆவணங்களில் ஒவ்வொரு பந்திக்குப் பின்னும் 8 பொயின்ட் இடைவெளி தானாகவே இருந்து வந்திருப்பதால், அதற்குமேல் வெற்று என்டரையும் சேர்ப்பவருக்குத் தாள்தான் வீணாகிறது.

வரி இடைவெளியில் எக்ஸாக்ட்லி என்ற தெரிவைத் தமிழுக்குக் கொடுக்க வேண்டாம். கீ, மூ போன்ற எழுத்துகளின் மேற்சுழியும் கீழ்ச்சுழியும் அந்தக் கட்டுப்பட்ட உயரத்துக்குள் அடங்காமல் வெட்டுப்படக்கூடும். அட் லீஸ்ட் என்பதைத் தெரிவுசெய்தால் தேவையானபோது வரி உயர்ந்துகொள்ளும்.

பாணியைத் தெரியாமல் தொடுவது

ஒரு பந்தியில் செய்த மாற்றம் எந்தத் தெரிவும் இல்லாமலே ஆவணம் முழுவதும் பரவினால், காரணம் அநேகமாகப் பாணியில் இருக்கும். பாணியின் மொடிஃபை பெட்டியில் ஒட்டோமெட்டிக்கலி அப்டேட் என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அது குறியிடப்பட்டிருந்தால், அந்தப் பாணியிலுள்ள ஏதாவது ஒரு பந்தியை நடுப்படுத்தினாலும் அந்த மாற்றம் பாணிக்கே போய், அதே பெயருள்ள எல்லாப் பந்திகளையும் நடுப்படுத்திவிடும். பழைய கோப்புகளில் எப்போதோ யாரோ இட்ட இந்தக் குறி அப்படியே தங்கியிருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அதை நீக்கிய பிறகே அந்தக் கோப்பில் வேறு வேலையைத் தொடங்க வேண்டும்.

நோர்மல் என்ற பாணியை மாற்றுவது இன்னும் பரந்த விளைவுடையது. சாதாரணமாகத் தட்டச்சு செய்யும் பந்திகள் அதில்தான் இருக்கின்றன. தலைப்புப் பாணிகள் உட்பட வேறு பல பாணிகளும் அதன்மேல் கட்டப்பட்டவை. ஒரு பந்தியின் இடைவெளியைச் சரிசெய்த மகிழ்ச்சியில், பாணிப் பட்டியலிலுள்ள நோர்மல் என்ற பெயரின்மேல் வலப்பக்கச் சொடுக்கிட்டு “அப்டேட் நோர்மல்” என்று தொடங்கும் வரியை அழுத்திவிடாதீர்கள். பரகிராப் பெட்டியின் அடியில் உள்ள செட் அஸ் டிஃபோல்ட் பொத்தானும் இப்படிப்பட்டதே. ஓகே என்று நினைத்து அதை அழுத்தினால், இந்த ஆவணத்துக்கா, இனி வரும் எல்லா ஆவணங்களுக்குமா என்று அது கேட்கும்போதாவது நிறுத்திவிட வேண்டும். டிசைன் பட்டியிலுள்ள பரகிராப் ஸ்பேஸிங் முழு ஆவணத்துக்கும் உரியது. ஒரு பந்திக்கான இடைவெளியை ஹோம் பட்டியிலோ லேயவுட் பட்டியிலோதான் தேட வேண்டும்.

திரையில் தாளுக்கு மேலே தெரியும் அளவுகோலிலும் ஒரு குழப்பம் நேர்கிறது. சிறிய முக்கோணங்களை நகர்த்தினால் பந்தி நகரும். சாம்பலும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டைப் பிடித்து இழுத்தால் அந்தப் பிரிவின் ஓரமே நகரும். புள்ளி அட்டவணைக்காக ஒரு பக்கத்தை மாத்திரம் குறுக்காக்க வேண்டுமானால், அதற்கு முன்னும் பின்னும் நெக்ஸ்ட் பேஜ் வகைச் செக்ஷன் பிரேக் இட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு தாளைத் திருப்ப வேண்டும்.

குலைந்த பந்தியை மீட்க, அதற்குள் கர்சரை வைத்துக் கொன்ட்ரோல் கியூ அழுத்தினால், கையால் கொடுத்த பந்தி அமைப்புகள் நீங்கி அது தன் பாணியின் அமைப்புக்குத் திரும்பும். லிப்ரே ஒபிஸில் இதை அழுத்திவிடாதீர்கள். அங்கே கொன்ட்ரோல் கியூ மென்பொருளையே மூடும் கட்டளை. அங்கே பந்தியைத் தெரிவுசெய்து கொன்ட்ரோல் எம் அழுத்த வேண்டும். எந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், விண்டோஸ் வேர்டில் ஷிப்டும் எஃப் 1உம் அழுத்தினால் திறக்கும் பலகை, பாணி கொடுத்தது எது, கையால் கொடுத்தது எது என்று பிரித்துக் காட்டும்.

அந்த மலரில் பாடல்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால், ஒவ்வொன்றையும் கையால் உள்தள்ளுவதை விட்டுவிட்டு, முதற்பாடலை ஒழுங்காக அமைத்து அதிலிருந்து “பாடல்” என்ற பெயரில் ஒரு புதிய பாணியை உருவாக்கினேன். உரைநடையில் பிறகு செய்யும் மாற்றங்கள் இதைத் தொடாதிருக்க, எந்தப் பாணியின்மேலும் கட்டப்படாததாக அதை வைத்தேன். அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் மலராசிரியர் பாடல்களை இன்னும் அரைச் சென்டிமீட்டர் உள்ளே தள்ளச் சொன்னார். அந்தப் பாணியில் ஓர் எண்ணை மாற்றினேன்; மலரிலிருந்த பாடல்கள் எல்லாம் நகர்ந்தன, கட்டுரைகளில் ஒரு வரிகூட அசையவில்லை.