டிக்கெட்டில் 00:45 என்று இருந்தால் எந்த ராத்திரி கிளம்புவது?

பெரியப்பாவின் டிக்கெட்டில் 15ஆம் தேதி, 00:45 என்று இருந்தது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர். கும்பகோணத்து வீட்டில் வடுமாங்காய் ஜாடியைப் பழைய வேட்டியில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டி, பேரன் பெயரை மேலே எழுதினோம். 15ஆம் தேதி சாயங்காலம் கார் வாசலில் வந்து நின்றது. அந்த விமானமோ அன்று காலையிலேயே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருந்தது.

நம் பேச்சில் நாள் விடியலில்தான் பிறக்கிறது. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு மணி என்றால் நமக்கு அது செவ்வாய்தான். பஞ்சாங்கத்துக்கும் சூரிய உதயம்தான் கணக்கு. டிக்கெட்டிலோ நள்ளிரவு 12 அடித்ததும் தேதி மாறிவிடும். ஆகவே 00:45, 01:30 என்று கண்ணில் பட்டால், அதற்கு முந்தின நாள் ராத்திரி வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். அதை அன்றைக்கே தினசரிக் காலண்டர் தாளில் பேனாவால் எழுதி வையுங்கள்.

அடுத்தது, இரண்டு நேரத்தையும் நேராகக் கழித்துப் பார்ப்பது. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருக்கும், இறங்கும் நேரம் இறங்கும் ஊருக்கும் உரியது. திருச்சியில் 01:00, சிங்கப்பூரில் 07:45 என்றால் ஆறே முக்கால் மணி நேரம் இல்லை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் நாலே கால். லண்டன் நமக்குப் பின்னால், அதனால் அங்கே கூட்ட வேண்டும். குளிர்காலத்தில் ஐந்தரை மணி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடுவதால் நாலரை.

கிலோமீட்டரை வேகத்தால் வகுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. சென்னை–லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், மணிக்கு 900 என்றால் ஒன்பது மணி நேரம்தானே என்பார்கள். ஆனால் விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. போகும்போது எதிர்காற்று, வரும்போது அதுவே தள்ளிவிடும். அதனால்தான் போக ஏறக்குறைய பதினோரு மணி நேரமும், திரும்ப அதைவிடக் குறைவாகவும் ஆகிறது.

இத்தனையும் விமானத்துக்குள் இருக்கும் நேரம் மட்டுமே. கும்பகோணத்திலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், காரில் ஆறேழு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். இறங்கியபின் குடியுரிமைச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பது என்று இரண்டு மணி நேரம் போகும். கூட்டினால் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். திருச்சி கிட்டேதானே என்றும் இருக்காதீர்கள். நூறு கிலோமீட்டர் பாதையில் முகூர்த்த நாளன்று தஞ்சாவூரைத் தாண்டுவதற்குள்ளேயே நேரம் ஓடிவிடும்.

வழியில் விமானம் மாறுகிறவர்கள் இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்க வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முக்கியமாக வயதானவர்களைத் தனியாக அனுப்பும்போது இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

அழைத்துப்போக வரும் பிள்ளைக்கு அந்த ஊர்த் தேதியையும் நேரத்தையுமே சொல்லுங்கள். டிக்கெட்டையே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.