டொக்டர் என்ன ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது எப்படி?

ஹட்டனில் கொமியூனிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, லெமினேட், ஒன்லைன் விண்ணப்பம், இவ்வளவுதான் தொழில். சித்திக்கு மார்பில் கட்டி வந்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. கிளினிக் கொப்பியோடு தோட்டத்திலிருந்து வருபவர்கள், "தம்பி, இவர் பெரிய ஆளாம், என்ன எழுதியிருக்கிறார் என்று பாரு" என்பார்கள். நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன், போனிலேயே செய்யலாம்.

போக வேண்டிய இடம் பப்மெட் (PubMed), மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம். அமெரிக்க அரசின் மருத்துவ நூலகம் நடத்துவது, காசு கேட்காது. தேடும் பெட்டியில் குடும்பப் பெயரை முதலில் போட்டு, பிறகு இனிஷியலைப் போட வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு இது பொருந்தும். நம்மவர்களிடம்தான் சிக்கல். அப்பா பெயர் ஒரு கட்டுரையில் இனிஷியலாக முன்னால் நிற்கும், இன்னொன்றில் முழுப் பெயராகப் பின்னால் நிற்கும். ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். இரண்டு பேர் ஒருவராகவும் தெரிவார்கள். சித்தியின் டொக்டர் என்று நம்பி 22 பக்கம் பிரிண்ட் எடுத்தேன். நாலாவது பக்கத்தில் 'திலாப்பியா' என்று இருந்தது. அவர் மீன் நோய் ஆராய்ச்சிக்காரர்! அன்றிலிருந்து பெயருக்குக் கீழே எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்க்காமல் பட்டனைத் தொடுவதில்லை. ஓர்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண் இருந்தால் இன்னும் நல்லது, அது ஆளுக்கு ஒன்றுதான்.

அடுத்தது பெயர்களின் வரிசை. கல்யாணக் கார்டு மாதிரிதான், யார் பெயர் எங்கே என்பதில் விஷயம் இருக்கிறது. மருத்துவக் கட்டுரையில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையை இழுத்துச் செய்தவருடையது, கடைசிப் பெயர் தலைமை தாங்கியவருடையது. நடுவில் இருப்பவர்கள் கூட்டாளிகள். சில பெரிய ஆய்வுகளில் ஆள் பெயருக்குப் பதில் குழுவின் பெயரே இருக்கும்.

எத்தனை கட்டுரை என்று எண்ணாதீர்கள். பக்கத்தில் 'ரெண்டமைஸ்ட் கன்ட்ரோல்ட் ட்ரையல்' என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, சிகிச்சைகளை ஒப்பிட்ட ஆய்வுகள் மட்டும் அதில் மிஞ்சும். நூற்றுக்கணக்கில் இருப்பது சில நேரம் ஐந்தாகிவிடும். அந்த ஐந்தைப் படியுங்கள்.

பழகிப் பார்க்க பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்க சர்ஜன் நல்ல உதாரணம். "மார்பை முழுசா எடுத்தாத்தானே பயமில்லை?" என்று சித்தி கேட்டார், அந்தக் கேள்விக்கே அவர் 1976இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பெயர் பி-06. பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்தது. 4 சென்றிமீற்றர் வரை மார்பகப் புற்றுநோய்க் கட்டி உள்ளவர்களைச் சேர்த்தார்கள். 20 வருஷக் கணக்கு 2002இல் வந்தது, அதில் 1,851 பெண்கள். மார்பை முழுதாக எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் உயிரோடு இருந்த அளவில் குறிப்பிடும்படி வித்தியாசமில்லை. ஆனால் அதே மார்பில் கட்டி திரும்பியது, கதிர்வீச்சு எடுத்தவர்களில் 14.3 வீதம், எடுக்காதவர்களில் 39.2 வீதம். சித்தப்பா கதிர்வீச்சுக்காகக் கண்டிக்கு அலைய வேண்டுமே என்று இழுத்தபோது, இந்த இரண்டு எண்களைத்தான் அட்டையில் பெரிதாக எழுதிக் காட்டினேன்.

கூட்டாளிகள் ஏன் முக்கியம் என்பதற்கும் இதே ஆய்வு சாட்சி. மொன்றியலில் ஒரு மருத்துவர் நோயாளிகளின் பதிவுகளில் பொய் எழுதியிருந்தது 1994இல் வெளியே வந்து நாறியது. அவருடைய நோயாளிகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டார்கள். விடை மாறவில்லை. ஒரே இடத்தில் செய்த ஆய்வு என்றால் மிச்சம் என்ன இருந்திருக்கும்?

ஒரு விஷயம், இந்தப் பட்டியலை வைத்து டொக்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு கட்டுரைகூட எழுதாத கைராசிக்காரர்கள் இருக்கிறார்கள். பட்டியல் நமக்குக் கேள்வி கேட்கத்தான். அதுவும் கிளினிக்கில் கிடைப்பது ஐந்து நிமிஷம், எனவே கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டே கேள்வி எழுதிக் கொடுப்பேன்.

சித்திக்கு எழுதியது: "என் கட்டி எத்தனை சென்றிமீற்றர்? கரண்ட் (கதிர்வீச்சு) எத்தனை நாள் வைக்க வேண்டும்?" டொக்டர் கொப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, பதிலை அதற்குக் கீழேயே எழுதிக் கொடுத்தார். சித்தி அந்தத் தாளை லெமினேட் பண்ணச் சொன்னார்.