பாக்கோ போக டிக்கெட் எடுக்கும் முன் ஓதம் பாருங்கள்

எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் மலிவு விலை விமான டிக்கெட்டில்தான் தொடங்கும். யாராவது வாட்ஸ்அப்பில் விலையைப் போடுவார்கள், அரை மணியில் ஆறு பேர் கிளம்பிவிடுவார்கள். போர்னியோ தீவில் உள்ள மலேசிய மாநிலம் சரவாக்; அதன் பாக்கோ தேசியப் பூங்காவுக்கு இந்த வழக்கம் சரிப்படாது. சரவாக்கின் தலைநகர் கூச்சிங்கிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான் என்றாலும், கம்போங் பாக்கோ படகுத்துறைக்கு அப்புறம் சாலை கிடையாது. அங்கிருந்து இருபது முப்பது நிமிடம் படகில் போக வேண்டும். ஓதம் இறங்கி, அதாவது கடல்மட்டம் தாழ்ந்து தண்ணீர் வற்றியிருந்தால், படகு பூங்காவின் ஜெட்டியை நெருங்க முடியாது. தூரத்தில் இறக்கிவிடுவார்கள். பையைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடப்பது இளசுகளுக்கு விளையாட்டு, மூட்டுவலிக்கார அத்தைக்கு அப்படி இல்லை.

அதனால் முதல் வேலை, கூச்சிங் பகுதியின் ஓத அட்டவணையை இணையத்தில் தேடி எடுப்பது. சனிக்கிழமை காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில் தண்ணீர் ஏறி நிற்கும் வாரத்தைப் பிடியுங்கள். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். மறுநாள் எல்லாமே ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். அதாவது சனிக்கிழமை ஒன்பதுக்கு உயர்ந்தால் மூன்று மணிக்கு வற்றும், ஞாயிறு பத்து மணிவாக்கில் திரும்ப நிறையும். போகவும் வரவும் கால் நனையாது. வீட்டில் தினசரி நாள்காட்டி தொங்கினால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம்.

மாதம் என்று கேட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம் என்பேன். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், மழையும் விடாது. மற்ற மாதங்களிலும் மழை உண்டு. அது மழைக்காடு, நனையாமல் வர நினைப்பவர்கள் பேரங்காடிக்குப் போகலாம்.

வாரம் முடிவானதும் டிக்கெட்டுக்கு ஓடாதீர்கள், முதலில் தங்குமிடம். பூங்காவுக்குள் இருக்கும் விடுதி அறைகளையும் சிறு வீடுகளையும் இணையத்தில் பதிவு செய்யலாம். வார இறுதியும் பள்ளி விடுமுறையும் சீக்கிரம் நிறைந்துவிடும். காலையில் போய் மாலையில் திரும்பும் பயணத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. பகல் பயணிகள் மூன்று மணிவாக்கில் படகேறிவிடுவார்கள், காடு விழிப்பதோ அதற்குப் பிறகுதான்.

அப்புறம் விமானம். கோலாலம்பூரிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம். வெள்ளி இரவே போய் கூச்சிங்கில் படுத்துவிடுங்கள். தீபகற்ப மலேசியாவிலிருந்து போகிறவர்களும் அங்கே குடிநுழைவு வரிசையில் நின்றாக வேண்டும், மைகாட் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் இருந்தால் பேச்சே இல்லை. இன்னொன்று: கடிகாரம் ஒன்றே ஆனாலும் கூச்சிங் நமக்குக் கிழக்கே இருக்கிறது. ஆறே முக்கால் வாக்கில் சூரியன் இறங்கிவிடும். கோலாலம்பூர் பக்கத்துக் கிள்ளான் நினைப்பில் ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும் என்று காட்டுக்குள் நிற்காதீர்கள்.

பாதைகளை நிறம் பூசிப் பிரித்திருக்கிறார்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை பொருட்களை வைத்ததும், வெயில் ஏறுமுன் தெலுக் பண்டான் கெச்சில் பாதையில் போங்கள். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். வேரைப் பிடித்து ஏறி மேலே வந்தால் திடீரென்று காடு குட்டையாகிவிடும், காலடியில் வெள்ளை மணல். சத்தில்லாத மண், அதனால் அங்குள்ள செடிகளுக்கு வேறு பிழைப்பு. கெண்டிச் செடி பூச்சியை விழவைத்துத் தின்கிறது. இன்னொன்று தன் வீங்கிய தண்டில் எறும்புக்கு வீடு கொடுத்து, எறும்பு சேர்க்கும் குப்பையிலிருந்து சத்து எடுத்துக்கொள்கிறது. இருபத்தேழு சதுர கிலோமீட்டருக்குள் சதுப்புநிலம், கடற்கரை, பாறைச்சரிவு, கரிச்சதுப்பு, பெருமரக் காடு என்று ஏழு வகைத் தாவரத்தொகுதிகள். 1957-இல் அறிவித்த பூங்கா, சரவாக்கிலேயே பழையது. பாதை முடிவில் மணற்கரை இருக்கிறது, குளிக்க மட்டும் இறங்காதீர்கள். இந்தப் பக்கத்துத் தண்ணீரில் உப்புநீர் முதலை உண்டு.

நாலு மணிக்கு மேல் தெலுக் பாக்கு அல்லது தெலுக் டெலிமா. இரண்டும் ஒரு கிலோமீட்டர்வாக்கில்தான், ஏற்ற இறக்கம்தான் மூச்சு வாங்கவைக்கும். நீளமூக்குக் குரங்கைப் பார்க்க இதுதான் நேரம். போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பிராணி. இலையும் பழுக்காத காயும்தான் தின்னும், அதைச் செரிக்கத்தான் அந்தத் தொந்தி. பேசாமல் நின்று மேலே கிளை முறியும் சத்தத்தைக் கேளுங்கள். என் தம்பி மகன் பாட்டுப் பெட்டியோடு வந்தால் நான் அவனை அறையில் விட்டுவிட்டுத்தான் போவேன்.

அறைச் சன்னலைச் சாத்தி வையுங்கள். நீளவால் குரங்குகள் பிளாஸ்டிக் பை கண்ணில் பட்டாலே பிடுங்கும். கேன்டீனில் சோறு, கோழி, முட்டை, காய் கிடைக்கும். சைவக்காரர்கள் பெலாச்சான் (இறால் விழுது) சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளட்டும். எங்கள் அண்ணி புளிச்சோறு கட்டித்தான் வருவார், இறுக்கமாக மூடும் டப்பாவில். ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலுக்கு விலையுயர்ந்த மலையேறும் காலணி வேண்டாம். தோட்டத்தில் பால்மரம் சீவினவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதுதான் ‘கம்போங் அடிடாஸ்’, ஈர வேரில் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் காயும். கைவிளக்கு ஆளுக்கொன்று. மழை இல்லாவிட்டால் பூங்கா ஊழியர்கள் இரவு நடைக்கு அழைத்துப் போவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும் கொலுகோ, பச்சை நிறக் குழிவிரியன், ஒளிரும் காளான் என்று அதிர்ஷ்டத்துக்கு ஏற்றபடி தெரியும். கைப்பிடிக் கம்பியைப் பார்க்காமல் பிடிக்காதீர்கள், விரியன் அசையாமல் கிடக்கும்.

ஞாயிறு காலை வெளிச்சம் வந்ததும் தங்குமிடத்தின் முன்னால் இருக்கும் சதுப்புமரங்களைச் சுற்றி வாருங்கள். பத்து மணிப் படகை முதல் நாளே படகுக்காரரிடம் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். காற்று எழும்பும் என்று அவர் ஒன்பதுக்கே வரச்சொன்னால் வாதம் செய்யாதீர்கள். திரும்பும் விமானத்தை மாலை ஐந்துக்கு மேல் வையுங்கள்.