பொத்தானிடம் கொடுத்த ஃபங்ஷன் தன் கணக்கை மறவாதிருக்க: ஜாவாஸ்கிரிப்டில் ‘பைண்ட்’

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை விற்கும் சிறுதோட்டக்காரர் ஒருவருக்கு எடைக் கணக்குப் பக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்தபோது, ‘பதி’ என்னும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் மொத்தம் சுழியத்திலேயே நின்றது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய அந்த நிரல் சிறியதுதான். ‘கணக்கு’ என்ற ஆப்ஜெக்ட்டில் (மதிப்புகளையும் ஃபங்ஷன்களையும் ஒன்றாக வைத்திருக்கும் தொகுப்பு) ‘மொத்தம்’ என்ற எண்ணும், எடைப் பெட்டியில் தட்டச்சு செய்த கிலோவைத் திஸ்.மொத்தம் (‘இந்த ஆப்ஜெக்ட்டின் மொத்தம்’) என்பதோடு கூட்டும் ‘பதி’ என்ற ஃபங்ஷனும் (பெயர் சொல்லி இயக்கும் நிரல் துண்டு) இருந்தன. (ஜாவாஸ்கிரிப்டில் இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருந்தாக வேண்டும். இங்கே அவற்றை ஒலிபெயர்த்து எழுதுகிறேன்.)

கணக்கு.பதி() என்று நேரே அழைத்தபோது எல்லாம் சரியாகவே நடந்தது. கணக்கு.பதி என்பதை அடைப்புக்குறி இல்லாமல் பொத்தானின் ஆட்ஈவென்ட்லிஸனரிடம் (அழுத்தும்போது இயக்க வேண்டிய ஃபங்ஷனைக் குறித்துவைக்கும் கட்டளை) கொடுத்த பிறகுதான் கோளாறு தொடங்கியது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ‘என் நிரை’ (எனக்கு ஒதுக்கிய மர வரிசை) என்று யார் சொல்கிறாரோ அவருடைய நிரையைத்தான் அச்சொல் குறிக்கும். திஸ்ஸும் அத்தகைய சொல்லே. ஃபங்ஷன் எந்த ஆப்ஜெக்ட்டுக்குள் எழுதப்பட்டது என்பதை அது பார்ப்பதில்லை. அழைக்கும் இடத்தில் புள்ளிக்கு இடப்புறம் யார் நிற்கிறார் என்பதையே பார்க்கிறது. பொத்தான் அழுத்தப்படும்போது பிரௌசர் அந்தப் பொத்தானையே திஸ்ஸாக வைத்து ஃபங்ஷனை இயக்குவதால், பொத்தானிடம் இல்லாத ‘மொத்தம்’ தேடப்பட்டு, அன்டிஃபைன்டோடு (‘மதிப்பு இல்லை’ என்னும் குறி) எண்ணைக் கூட்டியதால் எண்ணல்லாத மதிப்பு ஒன்று உருவாகி, அதுவும் பொத்தானிலேயே ஒட்டிக்கொண்டது. கணக்கைத் தொட்டவர் யாருமில்லை.

ஆகவே ஐயம் எழுந்தவுடன் ‘பதி’யின் முதல் வரியில் கன்சோல்.லாக்(திஸ்) என்று எழுதி, திஸ் எது என்பதைப் பிரௌசரின் கன்சோலில் பாருங்கள். புள்ளியே இல்லாமல் தனியாக அழைக்கப்பட்டால், விதிகள் கடுமையான ஸ்ட்ரிக்ட் முறையில் திஸ் அன்டிஃபைன்டாக இருக்கும். பழைய முறையில் அது விண்டோ என்னும், பக்கம் முழுவதற்குமான ஆப்ஜெக்ட்டாகிவிடும். ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கும் அச்சான கிளாஸுக்குள் எழுதியவை எப்போதும் ஸ்ட்ரிக்ட் முறையிலேயே இயங்குவதால், அங்கே பிழைச் செய்தியாவது கிடைக்கும்.

இதற்குத் தீர்வான ‘பைண்ட்’, ஜாவாஸ்கிரிப்டின் தரவரையறையான எக்மாஸ்கிரிப்டின் ஐந்தாம் பதிப்பில், 2009இல் சேர்க்கப்பட்டது. கணக்கு.பதி.பைண்ட்(கணக்கு) என்று எழுதினால், அது ஃபங்ஷனை இயக்காமல், திஸ் நிலையாகக் கட்டப்பட்ட புதிய ஃபங்ஷன் ஒன்றைத் திருப்பித் தரும். அதைப் பொத்தானிடம் கொடுக்க வேண்டும். திஸ்ஸைக் குறிப்பிட்டு அழைக்கும் ‘கால்’, ‘அப்ளை’ ஆகியவை உடனே இயக்கிவிடும் என்பதால் இந்த இடத்துக்குப் பொருந்தா. ஒரு முறை கட்டியதை இன்னொரு பைண்டால் வேறு ஆப்ஜெக்ட்டுக்கு மாற்றவும் முடியாது. பைண்டில் திஸ்ஸை அடுத்துத் தரும் மதிப்புகள் ஃபங்ஷனின் முதல் அளவுருக்களாக நிலைத்துவிடும் என்பதால், ‘மேட்டுக்காடு’, ‘ஆற்றோரம்’ என்று தோட்டப் பகுதிக்கு ஒரு பொத்தான் வைத்து, ஒரே ‘பதி’யை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம்.

2015 முதல், ‘=>’ என்ற அம்புக்குறியால் எழுதும் ஆரோ ஃபங்ஷனும் உண்டு. அதற்குச் சொந்தமான திஸ் இல்லை. சுற்றியுள்ள இடத்தின் திஸ்ஸையே எடுத்துக்கொள்ளும். பொத்தானிடம் கணக்கு.பதி() என்று அழைக்கும் ஆரோ ஒன்றைக் கொடுப்பது படிப்பதற்கு எளிது. என் விருப்பமும் பெரும்பாலும் அதுவே. ஆனால் ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் ‘பதி’யையே ஆரோவாக எழுதிவிடாதீர்கள், அதன் திஸ் கணக்காக இராது, பைண்ட் செய்தாலும் மாறாது.

நான் அடுத்து இடறிய இடம், சேர்த்த ஃபங்ஷனைப் பொத்தானிலிருந்து நீக்கும் ரிமூவ்ஈவென்ட்லிஸனர். சேர்த்தபோது ஒரு பைண்ட், நீக்கும்போது மீண்டும் ஒரு பைண்ட் என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு பைண்டும் வெவ்வேறு ஃபங்ஷனைத் தருவதால் பழையது நீங்கவே இல்லை. படிவத்தை மூடித் திறந்த பிறகு ஒரு லோரிக் குலை இரண்டு முறை கூட்டப்பட்டது. பைண்ட் தந்ததை ‘கட்டியபதி’ என்ற ஒரு கான்ஸ்டில் (வேறு மதிப்பு ஏற்காத பெயர்) முதலிலேயே வைத்துக்கொண்டு, சேர்க்கும்போதும் நீக்கும்போதும் அதே பெயரைக் கொடுங்கள்.