மலைக்கிராமப் பெண்பிள்ளைகளின் ரத்தசோகை: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நீலகிரியின் பழங்குடி ஊர்களுக்கு மருத்துவ முகாம், சத்துணவு வகுப்பு என்று போகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் போகிறார்கள். ஆனால் "இந்தப் பிள்ளைகளுக்குச் சத்து என்றால் என்னவென்றே தெரியாது, சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும்" என்ற நினைப்போடு மலையேறினால் வேலை கெடுகிறது. தவறு பெரும்பாலும் நம் பக்கம்தான்.

வெளிறிய கண்ணைப் பார்த்ததும் இரும்புச்சத்துக் குறைவு என்று முடிவு கட்டுவதுதான் இவற்றில் பெரிய தவறு. இந்தியாவில் பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் (சிக்கிள் செல்) நோயின் மரபணு முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் இன்றும் அது இருக்கிறது. இந்த நோயில் சிவப்பணுக்கள் வளைந்து, ஆயுள் முடியும் முன்பே உடைந்துபோகின்றன. அதனால் குறையும் ரத்தத்தை இரும்பு மாத்திரை ஈடுகட்டாது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு உடம்பில் ஏற்கெனவே இரும்பு சேர்ந்திருக்கும். மேலும் கொடுத்தால் கெடுதல்தான். அதற்காக, அரிவாள் செல் உள்ள எல்லோருக்கும் இரும்பே ஆகாது என்று பயந்து நிறுத்துவதும் சரியில்லை. சிலருக்கு இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கும். மூட்டு வலி அடிக்கடி வருகிறதா, கண் மஞ்சளாகிறதா என்று கேளுங்கள், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மற்றதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பரிசோதனை முடிவை ஊர் நடுவே உரக்கப் படிக்கவே கூடாது. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அரிவாள் செல் மரபணு வந்த பெண் பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பாள். அவளை "நோயாளி" என்று சொல்லிவிட்டால் கல்யாணப் பேச்சு வரும்போது அந்தச் சொல் கூடவே வரும். கணவன், மனைவி இருவருக்கும் இப்படி அந்த மரபணு இருந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நோய்க்கு 25 சதவீத வாய்ப்பு. இதை அவளிடமும் வீட்டாரிடமும் தனியாக, பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மாத்திரை. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. அது ரத்தசோகை வராமல் காப்பதற்கு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போன பெண்ணுக்குத் தினசரி மருந்தும் மறுபரிசோதனையும் தேவை. 8க்கும் கீழே என்றால் உடனே மருத்துவமனை. இன்னொன்று: ஊட்டி போன்ற உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடம்பே ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும். அங்கே 12 என்று வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்வதும் தவறு. குமட்டல் வந்த பிள்ளை அடுத்த வாரம் மாத்திரையை ஜன்னல் வழியே வீசிவிடும். கறுப்பாக மலம் போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் பூச்சி மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது.

சரி, சாப்பாடு. ஆப்பிள், பேரீச்சை, மாதுளை என்று பட்டியல் வாசிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அதை யார் வாங்கித் தருவது? கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, காட்டுக் கீரை, கிழங்கு, ஓடை நண்டு, மீன் எல்லாம் அங்கே பழகிய சாப்பாடுதான். காடு கைவிட்டுப் போய், தட்டில் அரிசி மட்டும் மிஞ்சியதுதான் சிக்கல். 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் வசதி வந்தது. அதைக் கேட்டு வாங்கச் சொன்னால் பலன் உண்டு. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து ஏராளம். ஆனால் அதை மட்டும் நம்பி ரத்தம் ஊறாது. பருப்பு, கீரை, முட்டை, கருவாடு என்று கூடவே ஏதாவது வேண்டும்.

தேயிலைத் தோட்டப் பக்கம் சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் கட்டன் சாயா குடிப்பது வழக்கம். தேயிலையிலுள்ள டானின், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்பு தேவை. உள்ளே போவதே கொஞ்சம், அதையும் டீ தடுக்கிறது. டீயே குடிக்காதே என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், குளிருக்கு அதுதான் துணை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்கள், கேட்பார்கள். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் கடித்தால் இரும்பு நன்றாகச் சேரும். அது காட்டிலேயே கிடைக்கிறது.

"இவங்க பரம்பரையே குட்டைதான்" என்று எடையையும் உயரத்தையும் அளக்காமல் விடுவது இன்னொன்று. அளந்தாலும், 13 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களுக்கான, எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. 18.5 என்ற அளவுகோலை வைப்பார்கள். வயதுக்கேற்ற அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். மாதவிடாயில் எத்தனை நாள் போகிறது, துணி எத்தனை முறை நனைகிறது என்று கேட்காமல் ரத்தசோகைக்கு மருந்து எழுதுவதும் அரைகுறை வேலை. இதை ஒரு பெண்தான் கேட்க வேண்டும், அதுவும் தனியாக.

கடைசியாக, பள்ளியோடு நின்றுவிடாதீர்கள். எட்டாவதோடு படிப்பை விட்டுக் கூலிக்குப் போகும் பெண்தான் பெரும்பாலும் யார் கணக்கிலும் வருவதில்லை. அவளுக்கான நீல மாத்திரை அங்கன்வாடியில் இருக்கும். பகல் முழுக்க அவள் தோட்டத்தில் இருப்பாள். அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராமச் செவிலியரிடமும் பேசி, மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ முகாம் வையுங்கள்.