வைஃபையை அணைத்தும் சார்ஜ் நிற்கவில்லையா? பேட்டரி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்றால் பலருக்கும் முதலில் கை போவது வைஃபை பொத்தானுக்குத்தான். 'தேவையில்லாதபோது அணைத்து வை' என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். அந்த அறிவுரை முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அதைத் தலைகீழாகக் கடைப்பிடிப்பவர்கள் ஏராளம். நல்ல வைஃபை இருக்கும் வீட்டிலேயே அதை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் வீடியோ பார்ப்பார்கள். கேட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்பார்கள்.

போனுக்குள் இருக்கும் ரேடியோ, அதாவது சிக்னலை அனுப்பி வாங்கும் பகுதி, நல்ல சிக்னலில் இணைந்து சும்மா இருக்கும்போது அதிகம் தின்பதில்லை. சிக்னலைத் தேடி அலையும்போதும், தொலைவில் இருக்கும் டவருக்குக் கேட்கும்படி கத்தும்போதும்தான் தின்கிறது. வைஃபையோ மொபைல் டேட்டாவோ, இரண்டுக்கும் இதுதான் கணக்கு.

வைஃபை இருக்கும் இடத்தில் மொபைல் டேட்டா

ரவுட்டர் நொடிக்குச் சுமார் 10 முறை ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். எந்தெந்தக் கருவிக்குத் தகவல் வந்து காத்திருக்கிறது என்ற குறிப்பும் அதற்குள் இருக்கும். திரை அணைந்து போன் பையில் கிடக்கும்போது வைஃபை சிப் பெரும்பாலும் உறக்கத்தில்தான் இருக்கிறது. குறித்த நேரத்தில் சில மில்லி நொடிகள் விழித்து, தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் மறுபடி உறங்கிவிடும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் விழிக்க வேண்டும் என்றுகூட இல்லை. வைஃபை 6 என்ற தலைமுறை வந்த பிறகு, 'இத்தனை நேரம் கழித்து எழுப்பு' என்று ரவுட்டரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் வசதியும் சேர்ந்திருக்கிறது.

மொபைல் டேட்டாவில் நடப்பது வேறு. ஒரே ஒரு வரி வாட்ஸ்அப் செய்தி வந்தாலும், அடுத்து இன்னும் வரலாம் என்று ரேடியோ உடனே உறங்காமல் காத்திருக்கும். 4ஜியில் இந்தக் காத்திருப்பு பல நொடிகள், பெரும்பாலும் 10 நொடிகளை ஒட்டிய அளவு நீளும். கலகலப்பான ஒரு குரூப்பில் அரை நிமிடத்துக்கு ஒரு செய்தி வந்துகொண்டிருந்தால், நீங்கள் போனைத் தொடவே இல்லை என்றாலும் ரேடியோவுக்குச் சரியான உறக்கம் கிடைக்காது.

இதோடு தூரமும் சேர்கிறது. ரவுட்டர் சில மீட்டர் தள்ளி இருக்கும். டவர் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருக்கலாம். 4ஜி போன்கள் பொதுவாக அதிகபட்சம் 200 மில்லிவாட் வரை அலையை வெளியிடும். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. தூரம் கூடக் கூட இந்த அளவு ஏறிக்கொண்டே போகும். ஆன்டெனாவிலிருந்து வெளியே போவதைப்போலப் பல மடங்கு சக்தியைப் பேட்டரி கொடுத்தாக வேண்டும். மிச்சமெல்லாம் சூடாகிப் போய்விடும்.

ஆகவே நல்ல வைஃபை இருக்கும் இடத்தில் அதை அணைக்காதீர்கள். வீடியோ, பெரிய டவுன்லோடு, ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது அணைப்பதா? அணைக்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். திரை அணைந்திருக்கும்போது இன்றைய போன்கள் இடைவெளி விட்டுத்தான் தேடுகின்றன.

பொத்தானைத் தட்டியதும் அணைந்துவிட்டது என்று நம்புவது

ஐபோனில் கன்ட்ரோல் சென்டரைத் திறந்து வைஃபை சின்னத்தைத் தட்டினால் வைஃபை அணைவதில்லை. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்தே அந்தப் பொத்தான் இருக்கும் இணைப்பைத் துண்டிக்க மட்டும்தான் செய்கிறது. நீங்கள் வேறு இடத்துக்குப் போனாலோ, போனை ரீஸ்டார்ட் செய்தாலோ, மறுநாள் காலை 5 மணி ஆனாலோ மறுபடி இணையத் தொடங்கிவிடும். நிஜமாக அணைக்க வேண்டுமென்றால் செட்டிங்ஸுக்குள் போய்த்தான் அணைக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் வேறொரு சங்கதி. வைஃபையை அணைத்த பிறகும், நீங்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அக்கம்பக்கத்து ரவுட்டர்களைப் போன் தேடிக்கொண்டிருக்கலாம். லொகேஷன் செட்டிங்ஸுக்குள் 'வைஃபை ஸ்கேனிங்' என்று ஒரு வரி இருக்கும். பக்கத்திலேயே 'புளூடூத் ஸ்கேனிங்' இருக்கும். இதை அணைத்தே ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணியில் இருக்கும் ஆப்கள் எல்லாம் சேர்ந்தே 30 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வைஃபை ஸ்கேன் கேட்க முடியும். புதிய போனில் இதை அணைத்து மிச்சமாவது கொஞ்சம்தான். பதிலுக்குக் கட்டடங்களுக்குள் மேப் தடுமாறும். மிகப் பழைய போன் என்றால் அணைத்துப் பாருங்கள்.

ஒரு கோடு சிக்னலைப் பிடித்துத் தொங்குவது

'வைஃபையை ஆன் செய்தே வை' என்று சொன்னது நல்ல வைஃபைக்கு மட்டும். நான்கு சுவர் தாண்டி ஒரு கோடு காட்டும் வைஃபை வேறு கதை. அங்கே வேகம் படுத்துவிடும்; அனுப்பியது போய்ச் சேராமல் மறுபடி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். பத்து நொடியில் முடிய வேண்டிய வேலை ஒரு நிமிடம் இழுத்தால், அந்த நிமிடம் முழுவதும் ரேடியோவும் விழித்திருக்கும், திரையும் எரிந்துகொண்டிருக்கும். அந்த மூலையில் மட்டும் மொபைல் டேட்டாவுக்கு மாறுவது தப்பில்லை. ரவுட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயர் தெரிந்தால், தூரத்து அறைக்கு 2.4, பக்கத்து அறைக்கு 5 என்று வைத்துக்கொள்ளலாம். 5-க்கு வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் சற்று நோஞ்சான்.

பலருக்கும் தெரியாத ஒன்று, வைஃபை பெயரை மறைத்து வைப்பதால் வரும் செலவு. பாதுகாப்பு என்று நினைத்து ரவுட்டரில் பெயரை மறைத்துவிடுகிறார்கள். சாதாரண நெட்வொர்க் என்றால் ரவுட்டர் தன் பெயரைச் சொல்லும், போன் கேட்டுக்கொண்டால் போதும். பெயர் மறைந்திருந்தால் போன்தான் அந்தப் பெயரைச் சொல்லி 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று விசாரிக்க வேண்டும். வீட்டில் மட்டுமல்ல, போகும் இடமெல்லாம் விசாரிக்கும். பேட்டரியும் வீண், உங்கள் வீட்டு வைஃபையின் பெயரை ஊருக்கெல்லாம் சொன்ன மாதிரியும் ஆகிவிடும். தேடத் தெரிந்தவனுக்கு மறைத்த பெயரைக் கண்டுபிடிப்பது ஒரு வேலையே இல்லை. பெயரைக் காட்டிவிட்டு, பாஸ்வேர்டை வலுவாக வையுங்கள்.

டவர் இல்லாத இடத்தில் போனை அப்படியே விட்டுவிடுவது

சார்ஜை மளமளவென்று இறக்குவதில் இதற்கு இணை குறைவு. தரைக்கு அடியில் இருக்கும் வாகன நிறுத்தம், தடித்த சுவர்க் கட்டடம், மலைப்பாதை போன்ற இடங்களில் போன் விடாமல் டவரைத் தேடும். கிடைத்தாலும் முழுச் சக்தியோடு பேச வேண்டியிருக்கும். அங்கே பல மணி நேரம் இருக்கப் போகிறீர்கள், அழைப்பும் எதிர்பார்க்கவில்லை என்றால் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். அதே இடத்தில் வைஃபை இருந்தால், ஃபிளைட் மோடைப் போட்ட பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யலாம். இது பலருக்குத் தோன்றுவதே இல்லை. உங்கள் போனும் சிம் நிறுவனமும் வைஃபை காலிங் கொடுத்தால் அழைப்புகளும் அதன் வழியே வரும். கொடுக்கவில்லை என்றால் வராது, அதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் இரண்டாவது சிம்மையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் ரீசார்ஜ் செய்யாமல், சிக்னலும் சரியாக இல்லாமல் கிடக்கும் சிம்மும் நெட்வொர்க்கைத் தேடத்தான் செய்யும். கழற்றக்கூட வேண்டாம், செட்டிங்ஸில் அணைத்தால் போதும். 5ஜி வந்து வந்து போகும் பகுதியில் 4ஜி-யோடு நிறுத்திக்கொள்வதும் நல்லது.

ஹாட்ஸ்பாட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே சொன்ன ரவுட்டர் வேலையைப் போனே செய்கிறது. உறங்க முடியாது, மொபைல் ரேடியோவும் கூடவே ஓடும். லேப்டாப்புக்குத்தான் நெட் வேண்டுமென்றால் யுஎஸ்பி கேபிளில் கொடுங்கள், போனுக்குச் சார்ஜும் ஏறும்.

ஆப்களைத் தள்ளித் தள்ளி மூடுவது, பேட்டரி சேவர் ஆப் போடுவது

ரீசன்ட் ஆப்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடுவது சிலருக்குக் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. அங்கே தெரிபவற்றில் பெரும்பாலானவை உறைந்த நிலையில்தான் இருக்கின்றன. மூடிவிட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி திறந்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குத்தான் செலவு. சிக்கிக்கொண்ட ஆப்பை மட்டும் மூடுங்கள். 'ஒரே தட்டில் வைஃபையை அணைத்து பேட்டரியைக் காப்பாற்றும்' என்று விளம்பரம் செய்யும் ஆப்களுக்கு அந்த அதிகாரமே இப்போது இல்லை. ஆண்ட்ராய்டு 10-க்கு ஏற்பச் செய்த சாதாரண ஆப் எதுவும் தானாக வைஃபையை ஆன், ஆஃப் செய்ய முடியாது. விளம்பரம் காட்டிக்கொண்டு பின்னணியில் ஓடுவதுதான் மிச்சம்.

எது தின்கிறது என்று பார்க்காமலே அணைப்பது

செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து பாருங்கள். திரையில் ஓடிய நேரம் 5 நிமிடம், பின்னணியில் 3 மணி நேரம் என்று ஓர் ஆப் காட்டினால் அதன் பின்னணி அனுமதியைப் பிடுங்குங்கள். ஐபோனில், சிக்னல் குறைவால் போன சார்ஜ் தனி வரியாகவே வரும். அந்த வரி மேலே நின்றால் டவர்தான் பிரச்சினை, வைஃபையை அணைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பட்டியலில் திரை முதலிடத்தில் இருந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். ஓஎல்இடி திரையில் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) டார்க் மோட் உதவும், ஆனால் வெளிச்சத்தைப் பொறுத்து: பர்டூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் அளந்தபோது, 30–50% வெளிச்சத்தில் சராசரியாக 3 முதல் 9% வரைதான் மிச்சம், முழு வெளிச்சத்தில் 39 முதல் 47% வரை. பின்னால் விளக்கு எரியும் எல்சிடி திரையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இன்னும் சந்தேகம் என்றால் ஓர் இரவு வைஃபையோடும், அடுத்த இரவு ஃபிளைட் மோடிலும் போனை விட்டு, தூங்கும்போதும் எழுந்ததும் சார்ஜ் எவ்வளவு என்று குறித்துப் பாருங்கள். ஃபிளைட் மோடில் இறக்கம் சட்டென்று குறைந்தால் வீட்டில் டவர் சரியில்லை, அல்லது ஏதோ ஓர் ஆப் இரவெல்லாம் நெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு இரவும் ஒரே மாதிரி வேகமாக இறங்கினால் பேட்டரியின் வயதைப் பாருங்கள். ஐபோன் 14 வரையிலான பேட்டரிகள் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும், 15 முதல் 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80% கொள்ளளவு நிற்கும்படி செய்யப்பட்டவை என்கிறது ஆப்பிள். உங்களுடையது அதற்கும் கீழே போயிருந்தால் செட்டிங்ஸைக் குடைவதை விட்டுவிட்டுப் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.