ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கிரேயான் வாங்கும்போது செய்யும் தவறுகள்

நடை பழகிய குழந்தைக்குக் கலர் வாங்கப் போனாலும், எல்.கே.ஜி. பிள்ளைக்கு வாங்குவதுபோலத்தான் பலரும் வாங்குகிறார்கள். 24 கலர், மெல்லிய குச்சிகள், பளபளப்பான டப்பா. ஆனால் மூன்று வயது வரைக்கும் கிரேயான் முதலில் போவது வாய்க்கு, அப்புறம்தான் தாளுக்கு.

மெல்லிய குச்சிதான் பெரிய தவறு. இந்த வயதில் விரல் நுனியில் பிடிக்க வராது. மொத்தக் கையால் இறுக்கிப் பிடித்து, தோளை அசைத்துக் கிறுக்கும். அந்த அழுத்தத்தில் மெழுகுக் குச்சி பட்டென்று உடைந்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. அகலமுள்ள ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் முழுசாக அடங்கும் பொருள் தொண்டையை அடைக்கக்கூடும் என்று கணக்கு. புதுக் கிரேயான் நீளமானது, அடங்காது. உடைந்த துண்டு சுலபமாக அடங்கிவிடும். எனவே தடிமனான ஜம்போ கிரேயானோ, உள்ளங்கைக்குள் பிடிக்கும் முட்டை வடிவக் கிரேயானோ வாங்குங்கள். உடைந்த துண்டுகளை அப்போதே எடுத்துவிடுங்கள். "துண்டுக் கிரேயான் பிடிப்பதற்கு நல்லது" என்பார்கள். அது நாலு வயதுக்கு மேல் சரி, இப்போது வேண்டாம்.

அடுத்தது, 'நான்-டாக்ஸிக்' (நச்சு இல்லாதது) என்ற எழுத்தை மட்டும் நம்புவது. பிறந்தநாள் விழாக்களில் ரிட்டர்ன் கிஃப்ட்டாக வரும் குட்டி டப்பாக்களிலும் அது இருக்கும். தயாரித்தவர் பெயர், முகவரி இருக்காது. அப்படிப்பட்டதைக் குழந்தை கையில் கொடுக்கவே வேண்டாம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெயர்பெற்ற கிரேயான்களிலேயே டால்க் என்ற கனிமத்தூள் வழியாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஆஸ்பெஸ்டாஸ் சிறிதளவு வந்திருந்தது தெரிந்து, கம்பெனிகள் கலவையை மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் தயாரித்தவர் பெயர், முகவரி, எந்த வயதுக்கு என்பது ஆகிய மூன்றையும் படியுங்கள். சிவப்பு வட்டத்துக்குள் '0-3' என்று போட்டுக் குறுக்கே கோடு இருந்தால் அது இந்த வயதுக்கு இல்லை.

பழ வாசனைக் கிரேயானும் வேண்டாம். சாப்பிடாதே என்று சொல்லிக்கொண்டே ஸ்ட்ராபெரி மணத்தைக் கையில் கொடுப்பது குழந்தைக்குச் செய்யும் அநியாயம். ஸ்கெட்ச் பேனாவின் மூடி தொண்டைக்கு ஆபத்து. ஆயில் பேஸ்டல் மிருதுவானது, கைக்கும் வாய்க்கும் சட்டென்று ஒட்டும். பலப்பத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், எழுதியதைவிடத் தின்றது அதிகமாக இருக்கும்.

விரலால் பூசி விளையாடப் போஸ்டர் கலரை ஊற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. விரலால் பூசுவதற்கென்றே செய்த ஃபிங்கர் பெயின்ட் வேறு, அதற்கென்று நம் நாட்டிலேயே தனித் தரவிதி இருக்கிறது: ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 9873, பகுதி 7. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள்.

கலர் நாலைந்து போதும். மிச்சக் காசுக்குப் பெரிய சார்ட் பேப்பர் வாங்கி, நாலு மூலையிலும் டேப் போட்டுத் தரையில் ஒட்டிவிடுங்கள். தோளால் கிறுக்கும் குழந்தைக்கு ஏ4 தாள் போதாது, மீதிக் கோடு தரைக்கும் சுவருக்கும்தான் போகும்.